கட்டு கட்டத் தெரிந்த கைகளுக்கு: வக்கீல் ஆபீஸ் ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குமாஸ்தா அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும், டைப்பிஸ்ட் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீஸ் ஸ்கேனர் பழுதாகிவிட்டது. அன்று மாலைக்குள் ஒரு மனுவை கோர்ட்டின் இ-ஃபைலிங் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். கோர்ட் வாசலுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கூட்டம் அதிகம். "அந்தக் கம்ப்யூட்டர்ல நீங்களே பாத்துக்கங்கக்கா" என்று கடைத் தம்பி கை காட்டினான். உட்கார்ந்து டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தேன். கீழே போகப் போக வந்துகொண்டே இருந்தது. ஆதார் அட்டைகள், பத்திர நகல்கள், கையெழுத்துப் போட்ட வக்காலத்துகள். நடுவில் ஒரு பைல். அதன் பெயரே ஒரு பெண்ணின் முழுப் பெயர், பக்கத்தில் 'டி.வி. மனு பைனல்', அதாவது குடும்ப வன்முறை மனு. அதற்கு அடுத்த பைல் ஆஸ்பத்திரி சீட்டு. நான் எதையும் திறக்கவில்லை. திறக்கவே தேவையில்லை, சின்னப் படமாகவே எல்லாம் தெரிந்தது. பிரவுசரைத் திறந்தால், அதற்கு முன் வந்துபோன யாரோ ஒருவரின் சீனியர் வக்கீல் பெயரில் இ-ஃபைலிங் கணக்கு அப்படியே திறந்து கிடந்தது.

அதை லாக் அவுட் செய்துவிட்டுத்தான் என் வேலையைப் பார்த்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு வழக்குக் கட்டைக் கட்டும்போது எந்தத் தாள் மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும், எதை யார் கண்ணிலும் படாமல் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா நமக்கு மாமா முறையாகவே இருந்தாலும் கட்டை அவர் கையில் கொடுக்க மாட்டோம். அதே கட்டு பி.டி.எஃப். ஆனதும் எதிர்க் கடையில் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அதனால்தான் இந்த மடல். கம்ப்யூட்டருக்கென்று புதுப் புத்தி எதுவும் தேவையில்லை. கட்டு கட்டுகிற கையில் இருக்கும் ஒழுங்கு நம் பைல்களுக்கும் வந்தால் போதும்.

முதலில் ஒரு சட்ட விஷயம், ஏனென்றால் இது நம்மில் பலருக்குத் தெரியாது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு வக்கீலுக்கு மட்டும் இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தில் 127-ஆவது பிரிவு அதை வக்கீலின் குமாஸ்தாவுக்கும் வேலையாட்களுக்கும் சேர்த்தே வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் 132-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அதையே சொல்கிறது. வக்கீலின் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் இது பொருந்தும் என்று நம்மைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். வாயைத் திறந்து சொன்னால்தான் ரகசியம் போகும் என்றில்லை. கடைக் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு வந்தாலும் போனது போனதுதான்.

சரி, கடைக்கே போகாமல் இருக்க முடியுமா? எல்லா ஆபீஸிலும் முடியாது என்று எனக்குத் தெரியும். போனால், பென் டிரைவிலிருந்தே பைலைத் திறங்கள், கடைக் கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்யாதீர்கள். மெயிலில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்றால் பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து அதில் லாகின் செய்யுங்கள். மூடியதும் லாகின் போய்விடும். ஆனால் இறக்கிய பைல் போகாது, அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும். அழித்ததும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப் நம்பருக்கு "அண்ணே, பிரிண்ட் போடுங்க" என்று அனுப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்த போன் அவர் வீட்டில் யார் யார் கைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது.

பைலைச் சின்னதாக்க, பிரிக்க, சேர்க்க என்று நாம் தேடிப் போகிற இலவச இணையதளங்களுக்கும் இதே கதைதான். அங்கே பைலை ஏற்றினால் அது எங்கோ இருக்கும் வேறொருவர் கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. பி.டி.எஃப்.24 என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸில் நிறுவிக்கொண்டால் இணைப்பே இல்லாமல் நம் மேஜையிலேயே சேர்க்கலாம், பிரிக்கலாம், சுருக்கலாம். போனில் ஸ்கேன் செய்கிற ஆப் என்றால் பலரும் இன்னும் கேம்ஸ்கேனர் பெயரைத்தான் சொல்கிறார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. பழைய போனில் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். கூகுள் டிரைவ் ஆப்பிலேயே ஸ்கேன் வசதி உண்டு.

ஸ்கேன் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ4 அளவு, 300 டி.பி.ஐ. தெளிவு, உள்ளே தேடக்கூடிய பி.டி.எஃப். என்பதுதான் இ-ஃபைலிங்கில் பொதுவாகக் கேட்பது. நாமே டைப் செய்த மனுவைப் பிரிண்ட் எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால் அது வெறும் படம், பைலும் பெரிதாகும், தேடவும் முடியாது. வேர்டிலிருந்து நேராக பி.டி.எஃப். ஆக்கி, கையெழுத்து இருக்கிற பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து சேர்த்துவிடுங்கள். பழைய பத்திரம் மங்கலாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் சாம்பல் நிறத்தில் எடுங்கள். முத்திரையும் மை விட்டுப்போன கையெழுத்தும் அதில்தான் தெரியும். சேர்த்த பிறகு கடைசிப் பக்கம் வரை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். தலைகீழாய் ஒரு பக்கம், விட்டுப்போன ஒரு பக்கம் என்று கண்டிப்பாக ஏதாவது கண்ணில் படும். ரிட்டர்ன் ஆகி வந்து அலைவதைவிட அந்த இரண்டு நிமிஷம் மேல்.

ஆதாரைக் கேட்கிற இடத்தில் எல்லாம் முழு எண்ணோடு கொடுக்கத் தேவையில்லை. கட்சிக்காரரின் போனில் ஓ.டி.பி. வாங்கி ஆதார் இணையதளத்தில் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கலாம், அதில் கடைசி நான்கு எண் மட்டும்தான் தெரியும். அப்புறம், மறைப்பது என்றதும் எல்லோரும் செய்கிற ஒரு தவறு உண்டு. போக்சோ வழக்கிலும் பாலியல் வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவர் பெயர் வெளியே தெரியக் கூடாது. போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவும் அதற்காகவே இருக்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? வேர்டில் பெயர் மேல் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்து பி.டி.எஃப். ஆக்குகிறோம். கண்ணுக்குத்தான் கறுப்பு. அந்த இடத்தை மவுஸால் தேர்ந்தெடுத்து காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் பெயர் முழுசாக வந்துவிடும். பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'பாதிக்கப்பட்ட சிறுமி' என்று டைப் செய்யுங்கள். அல்லது பிரிண்ட் எடுத்து, மார்க்கரால் நன்றாக அடித்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பிரிண்ட் எடுத்து மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள் என்று முன்பு சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. இன்னொன்று, மனுவுக்குள் பெயரை மறைத்துவிட்டு பைலின் பெயரிலேயே அந்தப் பிள்ளையின் பெயரை வைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பைலுக்குப் பெயர் வைப்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் ஆபீஸில் பாதி நேரம் இதில்தான் போகிறது. 'பைனல்', 'பைனல் 2', 'புது பைனல்', 'சார் திருத்தியது'. எது கையெழுத்தான பிரதி என்று யாருக்கும் தெரியாது. கட்டில் நாம் இப்படியா வைப்போம்? வழக்கு எண்ணும் கோர்ட்டும் கட்டின் முதுகில் இருக்கும், உள்ளே தேதி வரிசை. அதையே கம்ப்யூட்டரில் செய்யுங்கள். ஒரு வழக்குக்கு ஒரு போல்டர். அதன் பெயர் ஆண்டில் தொடங்கட்டும், அப்புறம் வழக்கு வகையும் எண்ணும், அப்புறம் கட்சிக்காரர் பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பைலும் தேதியில் தொடங்கட்டும். தேதியை மட்டும் திருப்பிப் போடுங்கள். 2025-03-14 என்று ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசி. அப்போதுதான் கம்ப்யூட்டர் தானாகவே வரிசையாக அடுக்கும். 14-03-2025 என்று வைத்தால் எல்லா மாதத்து 14-ஆம் தேதியும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். கையெழுத்தாகித் தாக்கலானதை 'தாக்கல்' என்று ஒரு உள்போல்டரில் போட்டுவிட்டு அதைத் தொடாதீர்கள். திருத்த வேண்டும் என்றால் காப்பி எடுத்துத் திருத்துங்கள்.

போல்டருக்குள் ஒரு சின்னக் குறிப்பு பைலில் சி.என்.ஆர். எண்ணை எழுதி வையுங்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், அது கோர்ட் கம்ப்யூட்டர் வழக்குக்குத் தரும் அடையாள எண், 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அப்புறம் இரண்டு இலக்கம் நீதிமன்றத்துக்கு, ஆறு இலக்கம் வரிசை எண், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. ஓ.எஸ். 145, அதாவது அசல் வழக்கு எண் 145, என்று ஊருக்கு ஊர் இருக்கும், சார்பு நீதிமன்றத்தில் ஒன்று, முன்சீப் கோர்ட்டில் ஒன்று. சி.என்.ஆர். ஒரு வழக்குக்கு ஒன்றுதான். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் வாய்தா, நிலை, ஆணை எல்லாம் வரும்.

அந்த ஆப்பில் 'மை கேசஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதை நம்மில் பலர் இருநூறு முன்னூறு வழக்கு வரை நிரப்பி வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியல் இருப்பது உங்கள் போனில் மட்டும்தான். போன் தண்ணீரில் விழுந்தால் பட்டியலும் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு அப்படித்தான் ஆனது. ஒவ்வொரு எண்ணாகத் திரும்பப் போட ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தான். ஆப்பிலேயே 'எக்ஸ்போர்ட்' இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்தி, வரும் பைலை உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். புதுப் போனில் 'இம்போர்ட்' செய்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

ஆனால் வாய்தா டைரியை விட்டுவிடாதீர்கள். ஆப்பில் வருவது கோர்ட்டில் யாரோ ஏற்றினால்தான் வரும். பெஞ்ச் கிளார்க் வாயால் சொன்ன தேதியைக் காதால் கேட்டு டைரியில் எழுதுவதுதான் முதல். மாலையில் ஆப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டாவது. இரண்டும் வேறு வேறாக இருந்தால் மறுநாள் காலையில் பெஞ்ச் கிளார்க்கிடமே கேட்டுவிடுங்கள். கூகுள் காலெண்டரில் வாய்தாவைப் போடுகிறவர்கள், வாய்தாவைவிட முக்கியமாகக் காலக்கெடுவைப் போடுங்கள். எதிருரைக்கு, அதாவது பிரதிவாதியின் பதிலுக்கு, சம்மன் அவர் கையில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 வரை. வணிக வழக்கு என்றால் 120 தாண்டினால் அவ்வளவுதான். சிவில் தீர்ப்புக்கு மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். கடைசி நாளுக்கு மட்டும் நினைவூட்டல் வைத்தால் பயனில்லை. பத்து நாள் முன்பு ஒன்று, மூன்று நாள் முன்பு ஒன்று வையுங்கள். சீனியர் மெயிலையும் அதில் சேருங்கள், அவர் போனிலும் மணி அடிக்கட்டும்.

நாள் எண்ணுவதற்கு விண்டோஸ் கால்குலேட்டரிலேயே தேதிக் கணக்கு என்று ஒரு பகுதி உண்டு. இரண்டு தேதி கொடுத்தால் நடுவில் எத்தனை நாள் என்று சொல்லிவிடும். ஆனால் அதற்குச் சட்டம் தெரியாது. தீர்ப்பு நகலுக்கு மனு போட்டு நகல் தயாராகும் வரை ஆன நாளைக் கழிக்க வேண்டும் என்று தெரியாது. 15.3.2020 முதல் 28.2.2022 வரை கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்தது தெரியாது. இயந்திரம் சொன்ன எண்ணை ஒரு தாளில் எழுதி, கழிக்க வேண்டியதைக் கழித்து, சீனியரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

இப்போது தமிழ் எழுத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதாமல் விட எனக்கு மனசு வராது.

நாம் பெரும்பாலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்து வந்தவர்கள். விரல் பழைய தட்டச்சுப் பலகைக்குப் பழகிவிட்டது. கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் பலகைக்குப் பொருந்துகிற 'வானவில்' முதலான எழுத்துருக்களைப் போட்டுக்கொண்டோம். பிரிண்ட் எடுக்கிற காலம் வரை ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த பைலை எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். கேள்விக்குறியும் ஆங்கில எழுத்துமாக ஏதோ கிறுக்கல் வரும். ஏனென்றால் உள்ளே இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதனால் அந்த பி.டி.எஃப்.-இல் 'கிரய ஒப்பந்தம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மேல்முறையீட்டுக்குப் போகும்போது கீழ்க்கோர்ட் மனுவிலிருந்து ஒரு பத்தியைக் காப்பி எடுத்து ஒட்டினால் அதுவும் கிறுக்கலாகத்தான் ஒட்டும். பத்து வருடத்து வழக்கைத் திரும்ப டைப் செய்கிற வேலை அப்படித்தான் நம் தலையில் விழுகிறது.

தீர்வு யூனிகோடு, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற எழுத்து முறை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. நாம்தான் இன்னும் மாறவில்லை. மாறினால் விரல் பழக்கம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். என்.ஹெச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் பழைய தட்டச்சுப் பலகையைத் தேர்ந்தெடுத்தால் அதே விரல், அதே வேகம், வெளியே வருவது யூனிகோடு. புதிதாகக் கற்கிற பிள்ளைகள் தமிழ்99 பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்தது அது. உயிரும் மெய்யும் அடித்தால் உயிர்மெய் தானாகச் சேரும், விசைகள் குறைவு. பழைய பைல்களை மாற்ற என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் மாற்றிய பிறகு கண்டிப்பாக வாசியுங்கள். எண்கள், ரூபாய் குறிகள், நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்கள் இவற்றில்தான் இடறும். நான் மாற்றிய முதல் பைலில் நடுவில் இருந்த ஆங்கிலச் சொல்லெல்லாம் தமிழ் எழுத்தாகக் கலங்கி வந்தது. சொத்து விவரத்தில் நான்கெல்லை மட்டும் எழுத்துக்கு எழுத்து பழைய பிரதியோடு ஒப்பிடுங்கள். அங்கே ஒரு எழுத்து பிசகினால் அதைத் திருத்த ஒரு திருத்த மனு.

ஒப்பிடுவது என்றதும் என் ஆபீஸில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. பல வருடம் முன்பு. ஒரு ஜாமீன் மனுவின் பிரமாணப் பத்திரத்தைப் பழைய மனுவின் மேலேயே திருத்தி டைப் செய்தேன். மூன்றாவது பத்தியில் பழைய கட்சிக்காரரின் தகப்பனார் பெயர் அப்படியே நின்றுவிட்டது. சீனியர் கையெழுத்துப் போட்டார், தாக்கலும் ஆனது. விசாரணையில்தான் தெரிந்தது. மனு தள்ளிப்போக, அந்தப் பையன் கூடுதலாக நான்கு நாள் உள்ளே இருந்தான். அவன் அம்மா ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து பழைய பைலைத் திறந்து திருத்துவதே இல்லை. மாதிரிகளைத் தனியாகச் செய்து வைத்திருக்கிறேன். பெயர், வயது, தகப்பனார் பெயர், குற்ற எண், காவல் நிலையம் வர வேண்டிய இடங்களில் எல்லாம் நட்சத்திரக் குறி மூன்று. முடித்ததும் கண்ட்ரோல் எஃப் அழுத்தி நட்சத்திரத்தைத் தேடுவேன். ஒன்றுகூட மிச்சம் இல்லை என்று வந்தால்தான் பிரிண்ட். வேர்டில் 'ரிவ்யூ' பகுதியில் 'கம்பேர்' என்று இருக்கிறது. சீனியர் திருத்தியதற்கும் முந்தியதற்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு பைலைக் கொடுத்தால் காட்டிவிடும். எதிர்க்கட்சிக்கோ கோர்ட்டுக்கோ வேர்டு பைலாக ஒருபோதும் அனுப்பாதீர்கள். ஓரத்தில் சீனியர் எழுதிய குறிப்புகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு போகும்.

அடுத்தது எலெக்ட்ரானிக் சாட்சியம். கட்சிக்காரர் வந்து, "மேடம், அவன் பேசினது எல்லாம் போன்ல இருக்கு, வாட்ஸ்அப்ல உங்களுக்கு அனுப்பிடறேன்" என்பார். நாமும் "அனுப்புங்க" என்போம். அங்கேதான் கோட்டை விடுகிறோம். எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுத்தது என்ற சான்றிதழ் இல்லாமல் எலெக்ட்ரானிக் நகலை ஏற்க முடியாது என்று 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. இப்போது புதுச் சாட்சியச் சட்டத்தில் 63-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவில் சான்றிதழுக்கு அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. அ பகுதி கட்சிக்காரருக்கு, ஆ பகுதி நிபுணருக்கு. கருவியின் மாடல், நிறம், வரிசை எண், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண், பைலின் ஹேஷ் மதிப்பு எல்லாம் அதில் கேட்கிறார்கள்.

ஹேஷ் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு பைலின் கைரேகை மாதிரி அது. பைலில் ஒரு புள்ளி மாறினாலும் ஹேஷ் முழுதாக மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது வீடியோ சுருங்குகிறது, அப்போதே அது வேறு பைல். அதனால் கட்சிக்காரரைப் போனோடு ஆபீஸுக்கு வரச் சொல்லுங்கள். நட்சத்திரம், ஹேஷ் குறி, சைபர், ஆறு, ஹேஷ் குறி (*#06#) என்று டயல் செய்தால் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும், எழுதிக்கொள்ளுங்கள். கேபிள் போட்டு பைலை நேராக எடுங்கள். 7-ஜிப் என்ற இலவச மென்பொருள் நிறுவியிருந்தால், பைல் மேல் வலது கிளிக் செய்து எஸ்.ஹெச்.ஏ.-256 என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஹேஷ் வந்துவிடும். அதை அன்றே தேதியோடு குறித்து, பைலைத் தனி பென் டிரைவில் போட்டு, உறையில் வைத்து, கட்டோடு சேருங்கள். நாம் பார்ப்பதற்கு வேறு காப்பி. கட்சிக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது, "அந்த போனை விக்காதீங்க, மாத்தாதீங்க, எதையும் அழிக்காதீங்க." தூரத்தில் இருப்பவர், வேறு வழியில்லை என்றால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக இல்லாமல் 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது. ஆனாலும் மூலப் போன் பத்திரமாக இருக்க வேண்டும்.

பேக்கப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோரும் கேட்டதுதான். வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுங்கள், எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் வைரஸ் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறது என்பது மட்டும் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பையில் 30 நாள்தான் இருக்கும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் ஏ.பி.கே. என்று முடிகிற பைல் (போனில் ஆப் நிறுவுகிற பைல் அது) வந்தால், அனுப்பியவர் சொந்த மச்சானாகவே இருந்தாலும் தொடாதீர்கள். ஆபீஸ் போனில் அது புகுந்தால் எஸ்.எம்.எஸ். எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போகும், ஓ.டி.பி.யும் அதில்தானே வருகிறது. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை. போலீஸ் என்று சொல்லிப் போனில் பேசுகிறவர்களால் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டப்பட்டு நடுங்கிக்கொண்டு போன் செய்கிற கட்சிக்காரர்களும் உண்டு. சீனியர் கோர்ட்டில் இருப்பார், போனை எடுப்பது நாம்தான். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை, போனை வையுங்கள், பணம் அனுப்பாதீர்கள் என்று தைரியமாக நாமே சொல்லலாம்.

ஜூனியர்கள் சாட்ஜிபிடியில் எடுத்த தீர்ப்பு மேற்கோள்களை டைப் செய்யச் சொல்லி இப்போது கொடுக்கிறார்கள். 2023-ல் நியூயார்க்கில், இல்லாத தீர்ப்புகளை அப்படித் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டார்கள். தாளில் அடிக்கும் முன்பு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான். கிடைக்கவில்லை என்றால் மேற்கோளின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு ஜூனியரிடம் திருப்பிக் கொடுங்கள். அதில் தப்பே இல்லை. கட்சிக்காரரின் கதையை முழுதாக அதில் ஒட்டிக் கேட்பதையும் பார்க்கிறேன். ஜெராக்ஸ் கடையைப் பற்றி மேலே சொன்னது அதற்கும் பொருந்தும்.

சீனியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு, ஐயா, அம்மா. உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் பாஸ்வேர்டையும் எங்களிடம் மொத்தமாகக் கொடுத்து வைக்காதீர்கள். அது உங்கள் கையெழுத்து. ஒரு பிரச்சினை வந்தால் நாங்களும் மாட்டுவோம், நீங்களும் மாட்டுவீர்கள். நீங்கள் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருக்கும்போது ஓ.டி.பி. கேட்டு நாங்கள் வராந்தாவில் நின்று தவிப்பதற்குப் பதில், தாக்கலுக்கென்று தினம் ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலை ஆறு மணி என்றால் ஆறு மணி. மூன்றாவது, ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கிக் கொடுங்கள். கட்சிக்காரரின் காகிதம் ஆபீஸ் வாசலைத் தாண்டாமல் இருக்க அது ஒன்றே பாதி வேலை செய்துவிடும். வழக்கறிஞர் சங்கங்களும் குமாஸ்தா சங்கங்களும் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருவோம். எங்கள் ஊர் சங்கத்தில் நானே வந்து யூனிகோடு சொல்லித் தரத் தயார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஜெராக்ஸ் கடைக்கு மறுவாரம் மறுபடி போனேன். கடைத் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவனும் பயந்துதான் போனான். "யாரும் சொல்லலக்கா, நானா அழிச்சா திட்டுவாங்களோன்னு விட்டுட்டேன்" என்றான். இரண்டு பேருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தோம். இப்போது கடை மூடும்போது தினமும் அவனே அழிக்கிறான். நீங்களும் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகிற வழியில், வழக்கமாகப் போகிற கடையில் ஒரு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்து உங்கள் ஆபீஸ் கட்சிக்காரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு, அந்தக் கடைத் தம்பியிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உங்களோடு வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா